நீர் புகும் தளம் மூன்று மழைக்காலம் தாண்டுமா?

நீர்வழி: 'வண்டி நிறுத்துமிடத்தில் நீர் புகும் கான்கிரீட் போட்டால் 20 வருடத்துக்குக் கவலையில்லை' என்று நேற்று இங்கே மண்வாசனை கட்டுரை எழுதியிருந்தார். மேலே விழும் மழைநீரை நுண்துளைகள் வழியே அடியில் இறக்கும் தளமாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சென்னைத் தூசிக்கு அது மூன்று மழைக்காலம் தாண்டாது. நான் மேற்பார்வை பார்த்த ஒரு குடியிருப்பில் நான்காம் வருடமே தளத்தின் மேல் தண்ணீர் நின்றது. டயரோடு வரும் களிமண், வேப்பம்பூ, பக்கத்து மனையில் கொட்டிய எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) எல்லாம் துளைக்குள் போய் உட்கார்ந்திருந்தன.

மண்வாசனை: அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் வால்டன் குளத்துக்குப் பக்கத்தில் 1977-இல் நுண்துளைத் தார்த்தளம் போட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்தும் அதில் தண்ணீர் இறங்கியது. உங்கள் மூன்று மழைக்காலம் எந்தக் கணக்கு சார்?

நீர்வழி: வால்டன் குளத்து வாசலில் எம்-சாண்ட் லாரி நிற்குமா? சென்னையைப் பற்றிப் பேசுங்கள். மூன்று மழைக்காலம்தான்.

தாம்பரத்தான்: எங்கள் அடுக்ககத்தில் பேவர் பிளாக் போட்டு ரொம்ப வருடம் ஆகிறது. ஒரு சொட்டு நிற்காது. எதற்கு இந்தச் சண்டை?

நீர்வழி: உங்கள் பேவர் பிளாக்கின் இடுக்கில் சிமெண்ட் பூசியிருக்கிறதா, முதலில் குனிந்து பாருங்கள். தண்ணீர் இறங்கவில்லை, சரிவில் தெருவுக்கு ஓடுகிறது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நிற்பது உங்கள் தண்ணீர்.

தாம்பரத்தான்: என் வீட்டைப் பார்க்காமலே தீர்ப்பா? மழைநீர்த் தொட்டி விவாதத்திலும் இப்படித்தான் வந்து எல்லோரையும் முட்டாளாக்கினீர்கள். நான் மறக்கவில்லை.

கடலோரம்: அடைப்பு பெரும்பாலும் மேல் 2, 3 சென்டிமீட்டரில்தான். உறிஞ்சித் துப்புரவு செய்யும் இயந்திரம் விட்டால் பெரும்பகுதி திறந்துகொள்ளும். புதிதில் தளம் மணிக்குப் பல ஆயிரம் மி.மீ. தண்ணீர் குடிக்கும். பத்தில் ஒன்பது பங்கு போனாலும் மிச்சம் சில நூறு மி.மீ. இருக்கும். அவ்வளவு மழை எங்கே பெய்யும்?

நீர்வழி: சீனாவின் ஜெங்ஜோவில் பெய்தது தம்பி. 2021 ஜூலை 20, ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ.! அப்புறம், அந்த இயந்திரத்தை யார் ஓட்டுவது? லிப்ட் பராமரிப்புப் பணத்துக்கே சங்கத்தில் அடிதடி.

கடலோரம்: 201.9 என்பது நான் சொன்ன சில நூறுக்குள்தானே வருகிறது? எனக்காக வாதாடியதற்கு நன்றி.

நீர்வழி: சரி, மேலே இறங்கியே தொலைந்தது என்று வையுங்கள். அடியில் 30 செ.மீ. ஜல்லி, அதில் 40 சதவீதம் வெற்றிடம். ஆக 12 செ.மீ. மழைக்குத்தான் இடம். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அடியில் களிமண், நிலத்தடி நீரும் ஏறிக் கிடக்கிறது. மீதி எங்கே போகும்? உங்கள் கட்டுரைக்குள்ளா?

மண்வாசனை: பேச்சை மாற்றாதீர்கள். அந்த வெள்ளத்தை இதுதான் தடுத்திருக்கும் என்று யார் சொன்னது? மூன்று மழைக்காலத்தில் அடைக்கும் என்றீர்களே, அளந்தீர்களா? 30 செ.மீ. விட்டமுள்ள வளையத்தைத் தண்ணீர் கசியாதபடி பசை வைத்துத் தளத்தில் ஒட்டி, தளத்தை நனைத்து, 18 கிலோ தண்ணீர் ஊற்றி நேரம் குறிக்க வேண்டும். செய்தீர்களா, இல்லையா?

நீர்வழி: கணுக்கால் தண்ணீரில் நின்றவனுக்கு வளையம் எதற்கு? கண் போதும்.

மண்வாசனை: அதாவது அளக்கவில்லை. ஒப்பந்தக்காரர் ஜல்லியைக் கழுவாமல் கொட்டியிருந்தாலும், எம்-சாண்டைத் தளத்தின் மேலேயே கலக்க விட்டிருந்தாலும் அப்படித்தான் நிற்கும். மேற்பார்வை பார்த்தது நீங்கள்தானே?

நீர்வழி: என் வேலையைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? ஒரு நாளாவது கட்டுமானத்தில் வெயிலில் நின்றிருக்கிறீர்களா? கட்டுரை படித்துவிட்டு மற்றவர் காசில் பரிசோதனை செய்யச் சொல்லாதீர்கள். ஒரு சதுர அடிக்கு என்ன செலவு தெரியுமா?

தாம்பரத்தான்: போய்க் குனிந்து பார்த்தேன். இடுக்கில் மணல்தான், சிமெண்ட் இல்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

நீர்வழி: மணலுக்கு அடியில் பி.சி.சி. (கம்பியில்லாத சாதா கான்கிரீட்) போட்டிருப்பார்கள், ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். மண்வாசனை, உங்களுக்கும் சொல்கிறேன்: மூன்று மழைக்காலம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்வாசனை: 1977.

தாம்பரத்தான்: கல்லைப் பெயர்த்தால் திரும்பப் பதிக்கும் காசை நீங்கள் தருவீர்களா?