புதுப்பிப்பு: பேசாத கணக்குப் பயிற்சி இப்போது பேசுகிறது

எங்கள் கணக்குப் பயிற்சி மென்பொருள் பார்வையற்ற மாணவர்களுக்கு உளறலாகக் கேட்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். அப்புறம் ஓர் ஆசிரியையோடும் ஐந்து மாணவர்களோடும் நான்கு சனிக்கிழமைகள் உட்கார்ந்தோம்.

பாதிச் சிக்கல் எழுத்துருவில். பழைய வினாக்களெல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்கு ‘தமிழ்’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள்: ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பாவம், இருப்பதைத்தானே வாசிக்கும்? எல்லாவற்றையும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம்.

படமாக இருந்த பின்னங்களுக்கு, படத்துக்குப் பதில் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையாக ‘நான்கில் மூன்று’ என்று எழுதினேன். “வகுப்புல மூணு பை நாலுன்னுதான் சார் சொல்வோம்” என்றார் ஆசிரியை. சரி, அப்படியே வைத்தாயிற்று.

நான் கனவிலும் யோசிக்காதது மென்பொருளில் ஓடும் கடிகாரம். நொடிக்கு நொடி மீதி நேரத்தை அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. “கேள்வியக் கேக்கவே விடமாட்டேங்குதுண்ணா” என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. இப்போது விசையை அழுத்தினால்தான் நேரம் சொல்லும்.

வடிவியல் படங்கள் மட்டும் இன்னும் பாக்கி. ஆசிரியை அட்டையில் நூல் ஒட்டித் தடவிப் பார்க்கக் கொடுக்கிறார். இப்போதைக்கு மென்பொருளும் “அட்டை 4ஐ எடுத்துக்கொள்” என்கிறது.