மைட்டர் சோ: நாலாவது மூலை சேரவில்லை, அகலப் பலகையில் வாள் என் பக்கம் பாய்கிறது

வெள்ளவத்தைக் கைவேலை:

வணக்கம். பகலில் அலுவலகம், சனி ஞாயிறில் மரவேலை என்று பழகிக்கொண்டிருப்பவன் நான். ஜப்பானில் இருக்கும் மச்சான் தான் பாவித்த மைட்டர் சோவை (மரத்தைக் கோணம் வைத்துக் குறுக்கே வெட்டும் மேசை மின்வாள்) அனுப்பிவைத்தார். 190 மி.மீ. பிளேட், 18 வோல்ட் பற்றரி இரண்டு, தலை (பிளேட்டும் மோட்டாரும் இருக்கும் பகுதி) முன்னும் பின்னும் சறுக்கும் வகை. புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழி. வீட்டுச் சாமியறைக்கு மஹோகனியில் தட்டுகளும், சாமிப் படங்களுக்குத் தேக்குச் சட்டங்களும் செய்கிறேன். தைப்பொங்கலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார்.

பிரச்சினைகள் இவை.

சட்டத்தில் மூன்று மூலை வடிவாகச் சேருகிறது. நாலாவது மூலையில் உள்பக்கம் 2 மி.மீ. இடைவெளி. சட்ட மரத்தின் அகலம் 40 மி.மீ. வாளின் கோண ஸ்கேலில் 45 பாகையில் ‘டக்’ என்று உட்கார்ந்த பிறகுதான் வெட்டுகிறேன்.

பத்து அங்குல மஹோகனிப் பலகையை வெட்டும்போது வாள் திடீரென்று பலகைமேல் ஏறி என் பக்கம் பாய்ந்தது. இரண்டு தடவை. இரண்டாவது தடவைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன், கை நடுங்கியது.

பிளேட்டை மூடும் பிளாஸ்டிக் மூடி மெதுவாகத்தான் இறங்குகிறது. கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டால் வெட்டுக்கோடு தெளிவாகத் தெரியும் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். கட்டலாமா?

பழைய சோனகத் தெருவில் 24 பல் பிளேட் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன்.


கொட்டாஞ்சேனை மரக்காலை:

மற்றதை எல்லாம் பிறகு பார்க்கலாம். மூடியைக் கட்டாதீர்கள் தம்பி.

நான் கட்டினேன். தேக்குப் பிசின் பிடித்து மூடி இறுகிப்போய், வேலை அவசரத்தில் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டிவிட்டேன். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது நாள் வெட்டி முடித்து, விசையை விட்டு, தலையைத் தூக்கிவிட்டு, விழுந்த துண்டை எடுக்கக் கையை நீட்டினேன். சத்தம் குறைந்துவிட்டதால் பிளேட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. இடதுகைச் சுட்டுவிரலின் நுனி போய்விட்டது. மூடி மூடியிருந்தால் என் விரல் பிளாஸ்டிக்கில் முட்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு பற்றரியையும் கழற்றுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷால் மூடியின் இணைப்புகளில் இருக்கும் தூளைத் தட்டுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். தின்னரோ பெற்றோலோ வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். துடைத்த பிறகும் தானாகச் சட்டென்று மூடவில்லை என்றால் ஸ்பிரிங் போயிருக்கிறது. மாற்றும்வரை வாளைத் தொடாதீர்கள்.


ஆசாரி மொறட்டுவை:

தம்பி, பலகை வெட்டும்போது தலையை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டா வெட்டுகிறீர்கள்?


வெள்ளவத்தைக் கைவேலை:

ஓம் அண்ணை. பின்னால் இருந்து என் பக்கம் இழுத்துத்தான் வெட்டுகிறேன். பிழையா? மூடியைக் கட்டமாட்டேன், உறுதி. இன்றைக்கே கழுவுகிறேன்.


ஆசாரி மொறட்டுவை:

பிழைதான். பாய்ந்ததற்குக் காரணமும் அதுதான். கைவாளில் இழுத்து வெட்டிப் பழகிய பலரும் இதில் தவறுகிறார்கள்.

பற்றரி இல்லாமல் பிளேட்டைப் பாருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் பற்கள் மேலிருந்து கீழே இறங்கும், அடிப்பற்கள் பின்சுவரை, அதாவது மரத்தை முட்டவைக்கும் நிமிர்ந்த தகட்டை, நோக்கி ஓடும். நீங்கள் தலையை உங்கள் பக்கம் இழுத்தால் முன்பற்கள் பலகையின் மேல்முகத்தைக் கவ்வி, சில்லுப்போல அதன்மேல் ஏறி உங்களிடம் உருண்டு வரப் பார்க்கும். பலகை இறுக்கமாக இருப்பதால் தலைதான் பாய்கிறது.

சரியான முறை இது. தலை மேலே இருக்கட்டும். முழுவதும் உங்கள் பக்கம் இழுங்கள். பிறகு விசையை அழுத்துங்கள், முழுவேகம் வரும்வரை பொறுங்கள். கீழே இறக்குங்கள். அப்புறம் பின்சுவர் நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். இப்போது பிளேட் சுற்றும் பலமே பலகையைப் பின்சுவரோடு அழுத்திப் பிடிக்கும். வெட்டி முடிந்ததும் விசையை விடுங்கள், தலையைத் தூக்காதீர்கள். பிளேட் கீழேயே நிற்கட்டும். பற்களைக் கண்ணால் எண்ணக்கூடிய அளவுக்கு நின்றபிறகு தூக்குங்கள். கொட்டாஞ்சேனை அண்ணை சொன்ன விபத்து நடப்பதே இந்த இடத்தில்தான்.

சட்ட மரம் மாதிரி ஒடுக்கமானவற்றுக்குச் சறுக்கவே வேண்டாம். தலையைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிட்டு, நேரே கீழே இறக்கி வெட்டுங்கள். சறுக்குக் குழாய்களில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் அது மூலைச் சேர்ப்பில் தெரியும்.

உங்கள் 24 பல் பிளேட்டும் குற்றத்தில் பங்காளி. அது சர்க்குலர் சோவுக்கு (கையில் பிடித்துத் தள்ளும் வட்டவாள்) செய்ததாக இருக்கும், பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து மரத்தை இழுத்துக் கடிக்கும். சறுக்கு வாளுக்குப் பல் சாய்வு குறைந்தது அல்லது பின்னோக்கிச் சாய்ந்தது வேண்டும். 60 பல் அளவில் கேளுங்கள். நடுத்துளை உங்கள் வாளின் தண்டுக்குச் சரியாக இருக்க வேண்டும். பிளேட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் வாளின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேகம் எழுதாத பிளேட்டை மலிவு என்று வாங்கவேண்டாம்.

நாலாவது மூலை பற்றி ஒரு கேள்வி. வாளை இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை என்று 45-க்குத் திருப்பி வெட்டுகிறீர்களா, அல்லது ஒரே பக்கம் வைத்துக்கொண்டு மரத்தைப் புரட்டிப் புரட்டி வெட்டுகிறீர்களா?


வெள்ளவத்தைக் கைவேலை:

ஒரே பக்கம், இடப்பக்கம். மரம் தட்டையானது என்பதால் புரட்டி வெட்டுவது சுலபமாக இருந்தது. ஸ்கேலை மாற்றாமல் இருந்தால் எல்லாக் கோணமும் ஒன்றாக வரும் என்று நினைத்தேன்.


ஆசாரி மொறட்டுவை:

எல்லாம் ஒன்றாகத்தான் வந்திருக்கிறது, பிழையும் ஒன்றாக வந்திருக்கிறது.

ஒரு சட்டத்தில் எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் கால் பாகை குறைந்தால் மொத்தம் 2 பாகை. மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்துவிட்டால் அந்த 2 பாகையும் நாலாவது மூலையில் போய் நிற்கும். 40 மி.மீ. அகல மரத்தின் சாய்ந்த முகம் 56 மி.மீ. சொச்சம். அதில் 2 பாகை என்றால் ஏறத்தாழ 2 மி.மீ. நீங்கள் அளந்ததும் அதுதான். இடைவெளி உள்பக்கம் இருப்பதால் மரத்தின் கூர்முனைக் கோணம் 45-க்குக் குறைவு. வெளிப்பக்கம் திறந்திருந்தால் 45-க்குக் கூடுதல் என்று அர்த்தம்.

‘டக்’ என்று உட்காரும் பள்ளங்கள் பெரும்பாலும் பிழையாகாது. வழியில் இடிபட்டு நகர்வது பின்சுவர்தான். சோதித்துப் பாருங்கள். 150 மி.மீ. அகலமான, இரண்டு ஓரமும் ஒன்றுக்கொன்று இணையான பலகையை 0 பாகையில் வெட்டுங்கள். இரண்டு துண்டையும் ஒரு நேரான ஓரத்தோடு ஒட்டிவைத்து, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி வெட்டு முகங்களைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால் உண்மையான பிழை அதில் பாதி.


வத்தளை வயர்மன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஜப்பானில் இருந்து வந்தது என்றதும் பயமாக இருக்கிறது. சார்ஜர் எத்தனை வோல்ட்?


வெள்ளவத்தைக் கைவேலை:

100 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. மச்சான் சொல்லி ஒரு டிரான்ஸ்போமர் வாங்கி அதில்தான் போடுகிறேன். ஒன்று கேட்க வேண்டும். ஒரு பற்றரியில் சார்ஜ் நிறைய இருந்தும் வாள் நடு வெட்டில் நிற்கிறது, ஏன்?


வத்தளை வயர்மன்:

நல்லது. அந்தச் சார்ஜரை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அந்த நிமிடமே போய்விடும். வீட்டில் வேறு யாரும் தெரியாமல் செருகாதபடி அதில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் அதே பற்றரிக்கான 230 வோல்ட் சார்ஜரை இங்கேயே வாங்கிவிடுவது நிம்மதி.

இரண்டு பற்றரியும் தொடராக இணைந்து 36 வோல்ட் தருகின்றன. எது முதலில் தீர்கிறதோ அதோடு வாள் நிற்கும். மற்றதில் சார்ஜ் நிறைய இருந்து பயனில்லை. இரண்டையும் ஒன்றாக நிரப்பி ஒன்றாகப் பாவியுங்கள். வெட்டில் நின்றுவிட்டால் விசையை விட்டு, பற்றரிகளைக் கழற்றிய பிறகுதான் மரத்தை விடுவிக்கவேண்டும். வயர் இல்லாததால் ‘ஓஃப்’ ஆகிவிட்டது என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடும். பற்றரி உள்ளே இருக்கும்வரை அது உயிருள்ள வாள்தான்.


வெள்ளவத்தைக் கைவேலை:

சோதித்தேன். இரண்டு துண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1.3 மி.மீ. 60 பல் பிளேட்டும் வாங்கிவிட்டேன், ஆனால் பழைய பிளேட்டின் ஆணி எவ்வளவு திருகியும் அசையவில்லை.


ஆசாரி மொறட்டுவை:

பெரும்பாலான மைட்டர் சோக்களில் அந்த ஆணிக்கு இடமரை. கடிகார முள் போகும் திசையில் திருப்பினால் கழறும். பற்றரி வெளியே, தண்டுப் பூட்டை அழுத்திக்கொண்டு திருப்புங்கள். பலங்கொண்டு மற்றப் பக்கம் திருகியிருந்தால் இன்னும் இறுகியிருக்கும், பரவாயில்லை, மெதுவாகத் தட்டி எடுங்கள். புதியதைப் போடும்போது பிளேட்டில் இருக்கும் அம்பும் மூடியில் இருக்கும் அம்பும் ஒரே திசை பார்க்கட்டும்.

150 மி.மீ.க்கு 1.3 மி.மீ. என்றால் பாதி 0.65. அது கால் பாகைதான், கணக்கு ஒத்துப்போகிறது. இப்போது பின்சுவரைத் திருத்துங்கள். பற்றரிகளைக் கழற்றி, வாளை 0 பாகையில் பூட்டி, தலையைக் கீழே இறக்கிப் பூட்டுங்கள். பின்சுவரின் அலன் ஆணிகளை (தலையில் அறுகோணக் குழி உள்ளவை) தளர்த்துங்கள். நல்ல மூலைமட்டத்தின் ஒரு கையைப் பின்சுவரிலும் மற்றதைப் பிளேட்டின் உடம்பிலும் வையுங்கள். பல்லின்மேல் படக்கூடாது, பல் உடம்பைவிடத் தடிப்பானது. வெளிச்சம் தெரியாமல் ஒட்டியதும் ஆணிகளை மாறி மாறி இறுக்குங்கள். இறுக்கும்போதே நகரும், அதனால் மறுபடி பாருங்கள். மேசைக்கும் பிளேட்டுக்கும் இடையில் நிமிர்த்தி வைத்தும் ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம் சட்டத்தின் எதிரெதிர்த் துண்டுகளின் நீளம். கோணம் சரியாக இருந்தும் நீளம் வேறுபட்டால் மூலை சேராது. ஒரு தடைக்கட்டையைக் கிளாம்ப் பண்ணி இரண்டையும் அதில் முட்டவைத்து வெட்டுங்கள். கட்டை நீங்கள் பிடித்திருக்கும் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். விழப்போகும் துண்டின் பக்கத்தில் வைத்தால் அது பிளேட்டுக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கித் தெறிக்கும்.


கொட்டாஞ்சேனை மரக்காலை:

வாளை எதன்மேல் வைத்திருக்கிறீர்கள்?


வெள்ளவத்தைக் கைவேலை:

தரையில், அண்ணை. பின் விறாந்தையில் குந்தியிருந்துதான் வெட்டுகிறேன்.


கொட்டாஞ்சேனை மரக்காலை:

மேசைக்கு ஏற்றுங்கள். குந்தியிருந்தால் முகம் பிளேட்டின் நேரே வரும், பாய்ந்தால் விலக முடியாது. 18 மி.மீ. பிளைவுட்டில் வாளை நட்டுப்போட்டு இறுக்கி, அந்தப் பிளைவுட்டை மேசையோடு கிளாம்ப் பண்ணுங்கள். இரண்டு பக்கமும் வாளின் மேசை உயரத்துக்கே கட்டை வைத்து நீள மரத்தைத் தாங்குங்கள். தொங்கும் முனை கீழே இழுத்தால் மரம் அசைந்து பிளேட் சிக்கும். வளைந்த பலகையென்றால் வளைவின் புடைத்த பக்கத்தைப் பின்சுவரோடு வையுங்கள். வெட்டும் இடத்தில் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே காற்று இருக்கக்கூடாது.

கை பிளேட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். கைகளைக் குறுக்கே மாற்றிப் பிடிக்கவேண்டாம். சாரம் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், கோயில் நூலையும் சட்டைக்கைக்குள் ஒதுக்குங்கள். கண்ணாடி, காதடைப்பு, தூசுக்கு என்95 முகக்கவசம் மூன்றும் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உலக ஆய்வு நிறுவனங்களே வகைப்படுத்தியிருக்கின்றன. விறாந்தையில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரம் உள்ளே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. 1990 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதிவையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். விரல் துண்டாகிவிட்டால் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். துண்டை ஈரத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் நேரே தொடக்கூடாது. எனக்கு அன்றைக்கு இது தெரிந்திருக்கவில்லை.


வெள்ளவத்தைக் கைவேலை:

கொட்டாஞ்சேனை அண்ணை எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். இலக்கம் சுவரில் ஏறிவிட்டது.

இன்று செய்தவை: மூடி கழுவியதும் சட்டென்று விழுகிறது. ஆணி நீங்கள் சொன்ன திசையில் கழன்றது. பின்சுவர் திருத்த மூன்று தடவை எடுத்தது, இறுக்கும்போது இரண்டு தடவை நகர்ந்தது. புரட்டிச் சேர்த்துப் பார்த்தால் இப்போது வெளிச்சமே தெரியவில்லை. மேசையில் ஏற்றி, பத்து அங்குல மஹோகனியைத் தள்ளி வெட்டினேன். பாயவில்லை. சத்தம்கூட வேறாக இருக்கிறது. நாலு மூலையும் சேர்ந்த முதல் சட்டத்தைப் பசை போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரேயொரு கேள்வி. மூலைகளின் பின்னால் வைத்து ஒட்ட 30 மி.மீ. முக்கோணத் துண்டுகள் எட்டு வேண்டும். சின்னக் கழிவுத் துண்டுகள் இருக்கின்றன, அவற்றில் வெட்டலாமா?


ஆசாரி மொறட்டுவை:

மூடி விழுகிறது என்றதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.

கழிவுத் துண்டில் வெட்டவேண்டாம். பிடிக்க இடமில்லாத எதையும் இந்த வாளில் வைக்கக்கூடாது, விரல் தானாக உள்ளே போகும். நீளமான மரத்தைக் கிளாம்ப் பண்ணி, ஒவ்வொரு தடவையும் பிளேட் நின்றபிறகு நகர்த்தி, முனையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள். மரம் ஒரு முழத்துக்குக் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்ச இரண்டு மூன்றைக் கைவாளால் அறுத்தால் பத்து நிமிடம்.