யானைத் தகவலில் இருந்து இடத்தை எடுத்த அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரிப் பக்கம் ராகி கதிர் பிடித்துவிட்டால் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கிவிடும். விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் போடும் தகவல்களைப் படித்து வரைபடத்தில் புள்ளி வைக்கும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் அதை நம்புவதால், இடத்தைச் சொல்லும் எந்த எண்ணையும் (அட்சரேகை, தீர்க்கரேகை) ஆராயாமல் ஏற்றுவதில்லை.

அதிகம் உழைக்க வைத்தது கூகுள் மேப்ஸ் இணைப்புதான். சுருக்கப்பட்ட இணைப்பில் எண்ணே இருக்காது. அது எங்கே கொண்டு போகிறது என்று நிரல் பின்தொடர்ந்து முழு முகவரியைப் பெற வேண்டும். அந்த முகவரியில் @ குறிக்குப் பின் வரும் எண்களைப் பலரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அவை திரையில் தெரியும் வரைபடத்தின் நடுப்புள்ளி மட்டுமே. குறித்த இடம் அதே முகவரியில் !3d, !4d என்ற குறிகளை அடுத்து வரும். அனுப்பியவர் வரைபடத்தை விரலால் நகர்த்தியிருந்தால் இரண்டுக்கும் கிலோமீட்டர் கணக்கில் வித்தியாசம் வரும். காவலுக்குப் போகிறவர் வேறு ஏரிக்கரையில் போய் நிற்பார்!

வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசான் (GeoJSON) கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. இது மாறினால் 12.5, 77.8 என்ற நம் ஊர்ப் புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டுக்கும் அட்சரேகை 11.5 முதல் 13 வரை, தீர்க்கரேகை 77 முதல் 79 வரை என்று எல்லை வைத்துவிட்டால் இது உடனே பிடிபடும்.

புகைப்படத்தை நம்பிப் பயனில்லை. வாட்ஸ்அப் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் இடத்தகவல் போய்விடும். ஆவணமாக அனுப்பினால்தான் தங்கும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் கிடைப்பது பெரும்பாலும் அனுப்பியவர் நிற்கும் இடம்தான். "ஏரிக்கு மேற்கே, மூங்கில் புதர் ஓரம்" என்று அவர் எழுதிய வரியில்தான் யானை இருக்கிறது. அதனால் ஒவ்வொரு புள்ளியோடும் முழுச் செய்தியையும் காட்டுகிறேன். எண் இல்லாமல் ஊர்ப் பெயர் மட்டும் வந்தால் நிரல் ஊகிப்பதில்லை, அனுப்பியவரிடமே திருப்பிக் கேட்கிறது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஒரே பெயரில் கொட்டாய்கள் (சிற்றூர்கள்) பல உண்டு.

குழுவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டு தசம இடங்களோடு நிறுத்திக் காட்டுகிறேன். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் துல்லியம் அவர்களுக்குப் போதும்; யானை பார்க்கக் கூட்டம் திரண்டால் அதுவே ஆபத்து.