மாருதி 800: பின்பக்கம் உட்காருது, முன்பக்கம் டொக்குங்குது. எதை மாத்துறது?

பள்ளத்தூர் எண்ணூறு:
அப்பச்சி வாங்குன வண்டி, 1999 மாடல். இன்ஜின் தங்கம். தொல்லையெல்லாம் அடியிலதான். பின் சீட்டுல மூணு ஆச்சிமார் ஏறினா டயர் மட்கார்டுக்குள்ள போயிருது. காரைக்குடி போய்ச் சேர்றதுக்குள்ள வேகத்தடை ஒவ்வொண்ணுலயும் அடி தட்டுது. முன் இடது சக்கரம் குழியில இறங்குனா டொக்குன்னு சத்தம். பின்னாடி ரெண்டு ஷாக்கும் புதுசு போட்டாச்சு. ஆட்டம் நின்னுருச்சு, உயரம் மட்டும் ஏறல. ஸ்பிரிங் இடுக்குல ரப்பர் வச்சா ஏறிரும்ங்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?

தேவகோட்டைக்காரன்:
வேணாம்ணே. வண்டியத் தூக்கி நிறுத்துறது ஸ்பிரிங்தான். அது குதிக்காம அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. அதான் ஆட்டம் நின்னும் உயரம் வரல. ரப்பர் வச்ச இடத்துல சுருள் அமுங்காது, மத்த சுருளுக்குத்தான் எல்லா அடியும். பழைய ஸ்பிரிங் ஒருநாள் உடைஞ்சும் போகலாம். சமதரையில, ஆள் இல்லாம, சக்கர நடுவுலேருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. ஆமா, டிக்கியில என்ன ஏத்துறீங்க?

பள்ளத்தூர் எண்ணூறு:
வீட்டு மராமத்துக்கு ஆத்தங்குடி கல்லு ஏத்துனோம். கொஞ்சநஞ்சம் இல்ல. அளந்தேன், இடது பக்கம் ரெண்டு விரக்கடை தாழ்வு.

தேவகோட்டைக்காரன்:
அப்ப ஸ்பிரிங் செத்துருச்சு. கல்லுக்குக் குட்டியானை பிடிங்கண்ணே, 800 பாவம்.

பழைய வண்டிப் பட்டறை:
பின் ஸ்பிரிங் ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. ஒத்தையா போட்டா வண்டி ஒரு பக்கம் சாஞ்சே நிக்கும். பின்னாடி வேலை லேசுதான். பாடிக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்து, ஷாக்கோட கீழ் போல்ட்டைக் கழட்டி, ஆக்சில மெதுவா இறக்குனா ஸ்பிரிங் கையில வந்துரும். பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு பார்த்துக்கிட்டே இறக்கணும். திரும்ப மாட்டும்போது புஷ் (இணைப்புல இருக்குற ரப்பர்) போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குறது வண்டிய தரையில இறக்குன பிறகுதான். அந்தரத்துல தொங்கும்போது இறுக்குனா புஷ் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பாதிப் பேர் இதைச் செய்றதில்ல.

முன் சத்தத்துக்கு உடனே ஸ்டரட் (முன்னாடி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) வாங்கிராதீங்க. ஷாக் உடம்புல ஆயில் கசிவு இருக்கா? பானெட்டை அமுக்கி விட்டா ஒரு தரம் எழும்பி நிக்கணும், ஊஞ்சலாடக் கூடாது. அது சரியா இருந்தா சக்கரத்தைக் கீழ பிடிக்கிற லோயர் ஆர்ம் புஷ்ஷையும், அது முனையில இருக்குற பால் ஜாயின்ட்டையும் கடப்பாரையால நெம்பிப் பாருங்க. நிக்கிற வண்டியில ஸ்டியரிங் ஒடிக்கும்போது மேல டக்குன்னா மவுன்ட் (ஸ்டரட்டை மேல பாடியோட பிடிக்கிறது) போயிருக்கும்.

பள்ளத்தூர் எண்ணூறு:
இடது ஸ்டரட்டுல ஆயில் ஒழுகி மண்ணு அப்பிக் கிடக்கு. டயரும் திட்டுத் திட்டா தேஞ்சிருக்கு. வீட்டுலயே கழட்டலாமா?

பழைய வண்டிப் பட்டறை:
கூடாது. பின்னாடி மாதிரி இல்ல இது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கம்ப்ரசர் கருவியப் போட்டு இறுக்காம மேல் நட்டைத் தொட்டீங்கன்னா ஸ்பிரிங் மூஞ்சியில பாயும். கம்பி வச்சுக் கட்டிக் கழட்டுற ஆளுகளும் இருக்காக, அங்க வண்டிய விடாதீங்க. முன்னாடியும் ரெண்டு பக்கமும் மாத்துங்க. மவுன்ட், பம்ப் ஸ்டாப் ரப்பர், டஸ்ட் கவர் மூணும் புதுசா இருக்கட்டும், கூலி ஒண்ணுதான். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து வாங்குங்க. முடிஞ்சதும் அலைன்மென்ட் பார்த்துருங்க, இல்லாட்டி புது டயரும் தேயும்.