எங்கள் ஒழுங்கை யாருடைய பொறுப்பு?

ஒழுங்கைவாசி:
வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் வயலோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறோம். பிரதான வீதியிலிருந்து வயல்வெளிக்குச் செல்லும் எங்கள் ஒழுங்கையின் முன்பாதிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கொங்கிறீட் போட்டார்கள். பழைய மண்ணைச் சீவி எடுக்காமல் அதன் மேலேயே போட்டதால், ஒழுங்கை எங்கள் வளவுகளைவிட அரை அடி உயர்ந்துவிட்டது. போன மாரியில் அம்மா படலைக்குள் மண்மூட்டை அடுக்கித்தான் அடுப்படியைக் காப்பாற்றினார். பின்பாதியோ இன்னமும் குன்றும் குழியுமாகக் கிடக்கிறது. பிரதேச சபையில் கேட்டால் வயல் வீதிக்குக் கமநல சேவை நிலையத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் பிரதேச செயலகத்தைக் காட்டுகிறார்கள். கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர் சிலர் மீதி வேலைக்குப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். நாங்களே கொங்கிறீட்டைப் போட்டு முடித்துவிடலாமா?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்:
அவசரப்பட வேண்டாம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. ஊர் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கும். வயல் வீதிகளில் சில கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் இருக்கும். கொங்கிறீட்டுக்கு நிதி ஒதுக்கியவர் ஒருவராகவும் வீதிக்கு உரியவர் இன்னொருவராகவும் இருப்பது இங்கே வழமை என்பதால், ஆட்களைக் கேட்டுத் திரிவதை விட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, எத்தனை அடி அகலம், போட்ட கொங்கிறீட்டின் மதிப்பீட்டில் வடிகால் சேர்க்கப்பட்டிருந்ததா என்று எழுத்தில் கேட்டால், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடி அராலிப் பக்கம் கடலைச் சேர்கிறது. மற்றைய நீரெல்லாம் குளம், கேணி, தரவை என்று தேங்கி நின்று சுண்ணக்கல்லுக்குள் இறங்க வேண்டியது. பல ஊர்களில் பழைய ஒழுங்கைகளே வெள்ளவாய்க்கால்களாகவும் இருந்தன. அவற்றை உயர்த்தினால் நீர் வளவுக்குள்தான் வரும். மட்டம் பார்க்காமல் பின்பாதியையும் போட்டால், இப்போது உங்கள் வீட்டில் நிற்கும் வெள்ளம் அடுத்த வீட்டுக்கும் போகும்.

கமக்காரன்:
ஐயா சொன்னது சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் சிக்கல் வேலியில்தான் இருந்தது. பதிவேட்டில் பன்னிரண்டு அடி. நிலத்தில் அளந்தால் எட்டரை அடி. வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியால் ஒரு சாண் வெளியே நகர்ந்திருந்தது. ஒருவர் மதிலே கட்டிவிட்டார். சனசமூக நிலையத்தில் மூன்று முறை கூடிப் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த பிறகுதான் வாய்க்காலுக்கு இடம் கிடைத்தது. அந்த மதில் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. வெளிநாட்டுப் பணத்தை வாங்குவதில் தவறில்லை. ஆனால் சபையின் எழுத்து அனுமதியும் மதிப்பீடும் இல்லாமல் ஒரு கல்லும் போடாதீர்கள். நாளைக்கு உடைந்தால் அதைத் திருத்த எவரும் வரமாட்டார்கள்.

ஆசிரியை:
வீதி கெட்டால் மற்றச் சேவைகளும் வாசலுக்கு வரமாட்டா. எங்கள் ஒழுங்கையில் குப்பை உழவு இயந்திரம் மழைக்காலத்தில் முகப்போடு திரும்பிவிடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த அவசர அம்புலன்ஸ் வந்த அன்று நோயாளியைக் கதிரையில் வைத்துச் சந்திவரை தூக்கிப் போனோம். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வட்டார உறுப்பினரை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுப்பதைவிட, வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும் காலத்துக்கு முன்னரே கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

ஒழுங்கைவாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் தம்பியுடன் நாடா பிடித்து அளந்தேன். முன்பாதி பத்து அடி, வளைவில் ஏழு அடி. வளைவில் நிற்கும் பூவரசின் அடியில் சருகைக் கிளறியபோது, சுண்ணக்கல்லால் கட்டிய பழைய மதகு ஒன்றின் வாய் தெரிந்தது. அதன் மற்றப் பக்கம் கொங்கிறீட்டுக்குள் மூடப்பட்டுவிட்டது. அப்படி ஒரு மதகு இருந்தது அம்மாவுக்கு மட்டும் நினைவிருக்கிறது. தகவல் கோரிக்கையில் அதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.