கோஃபாக்ஸ் உண்மையிலேயே எல்லாரிலும் பெரிய பிட்சரா?

கணக்குப்பிள்ளை:
பேஸ்பால் பேச்சு வந்தாலே பிட்சர் (பந்து வீசுபவர்) சாண்டி கோஃபாக்ஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1955இல் டாட்ஜர்ஸ் அணியில் ஆடத் தொடங்கினார், 1966 முடிந்ததும் முப்பது வயதில் ஓய்வு. 12 சீசனில் 165 வெற்றி, 87 தோல்வி. அதிலும் முதல் ஆறு சீசன் 36க்கு 40, தோல்விதான் கூட. இன்னொரு பிட்சர் நோலன் ரயன் 27 சீசன் ஆடினார். 5,714 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அடிப்பவரை அவுட் ஆக்குவது), ஏழு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துப் பேஸ் சேர ஒரு வாய்ப்புகூடத் தராமல் ஆட்டத்தை முடிப்பது). கோஃபாக்ஸுக்கு 2,396 ஸ்டிரைக்அவுட், நாலு நோ-ஹிட்டர். பிறகு எப்படி இவர் பெரியவர்?

இடக்கை ரசிகன்:
முதல் ஆறு வருஷத்தைக் காட்டுவது நியாயமே இல்லை சார். அன்றைய விதிப்படி 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கிச் சேர்ந்த புதுப் பையனை இரண்டு வருஷம் சிறிய லீகுக்கு அனுப்பக் கூடாது. பத்தொன்பது வயதுப் பையன் பெரிய அணியின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். கற்றுக்கொள்ள ஆட்டமே கிடைக்கவில்லை. 1961 பயிற்சிக் காலத்தில், இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு வீசாதே, கொஞ்சம் தளர்த்தி வீசு என்று கேட்சர் (பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்) நார்ம் ஷெர்ரி சொன்னார். அந்த வருஷம் 18 வெற்றி, 269 ஸ்டிரைக்அவுட். 1962 முதல் 1966 வரை ஐந்து வருஷமும் நேஷனல் லீகில் (பெரிய லீக் இரண்டில் ஒன்று) மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டம்) இவருடையதுதான். அப்போது இரண்டு லீகுக்கும் சேர்த்து ஒரே சை யங் விருது (வருஷத்தின் சிறந்த பிட்சருக்குத் தருவது). மூன்று முறை வாங்கினார், மூன்றும் ஒருமனதாக. ரயனுக்கு ஒன்றுகூட இல்லையே!

கணக்குப்பிள்ளை:
விருது கொடுப்பது ஓட்டுப் போடுகிறவர்கள். 1987இல் நாற்பது வயது ரயன், லீகிலேயே குறைந்த ஈ.ஆர்.ஏ. 2.76, அதிக ஸ்டிரைக்அவுட் 270. அணி அடிக்காததால் கிடைத்தது 8 வெற்றி, 16 தோல்வி. விருது வேறு யாருக்கோ போனது. அதற்கு ரயன் என்ன செய்வார்?

அப்புறம் மைதானம். கோஃபாக்ஸின் அற்புதம் எல்லாம் 1962இல் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்த பிறகுதானே? பிட்சர்களுக்குச் சொர்க்கம் அது. 1964இல் சொந்த ஊரில் ஈ.ஆர்.ஏ. 0.85, வெளியூரில் 2.93. போதாததற்கு 1963இல் ஸ்டிரைக் எல்லையையும் (அடிப்பவர் அடிக்காமல் விட்டாலும் பந்து ஸ்டிரைக் என்று கணக்காகும் பகுதி) பெரிதாக்கினார்கள். அப்போது பந்து வீசும் மேட்டின் உயரம் 15 அங்குலம். 1969இல் அதைப் பத்தாகக் குறைத்துவிட்டார்கள். ரயன் வாழ்க்கையில் பெரும்பகுதி வீசியது அந்தத் தாழ்ந்த மேட்டில்தான்.

தேன்மொழி:
இரண்டு பேரும் கையை மறந்துவிட்டீர்கள். 1964 ஆகஸ்டில் இரண்டாம் பேஸுக்கு (ஓடுகிறவர் தொட வேண்டிய இடம்) திரும்பப் பாய்ந்து விழுந்ததில் கோஃபாக்ஸுக்கு இடக்கையில் அடி. முழங்கையில் மூட்டுவாதம் என்று மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் 1965இல் 382 ஸ்டிரைக்அவுட், 1966இல் 27 வெற்றி. இரண்டு வருஷமும் 300 இன்னிங்ஸுக்கு மேல், தலா 27 ஆட்டம் முழுசாக வீசியிருக்கிறார். ஆட்டத்துக்கு முன்னால் மிளகாய்க் காரம் சேர்ந்த கேப்சாலின் களிம்பைக் கையிலும் முதுகிலும் பூசுவார்கள், முடிந்ததும் முழங்கையை ஐஸ் தண்ணீரில் முக்கி வைப்பார். இடையில் கார்ட்டிசோன் ஊசி. அந்த நிலைமையில் 1965 உலகத் தொடரின் (சாம்பியனை முடிவு செய்யும் தொடர்) ஏழாவது ஆட்டம், இரண்டே நாள் ஓய்வு, மினசோட்டாவை 2–0 என்று ஓட்டமே இல்லாமல் முடித்தார். இதை எந்த மைதானக் கணக்கில் சேர்ப்பீர்கள் கணக்குப்பிள்ளை? ஆட்டம் நடந்தது வெளியூரில்.

கணக்குப்பிள்ளை:
ஒரு ஆட்டம் அம்மா. வலியைப் பொறுத்தது பெரிய விஷயம்தான், ஆனால் அது மன உறுதிக்கான மார்க், பிட்சிங்குக்கு இல்லை. உடம்பைக் காப்பாற்றி நீண்ட நாள் ஆடுவதும் ஒரு திறமை. 1991இல் 44 வயதில் ரயன் டொரான்டோவுக்கு எதிராக ஏழாவது நோ-ஹிட்டர் வீசினாரே, அதற்கு என்ன பேர்?

இடக்கை ரசிகன்:
அதே ரயன் 2,795 பேரை வாக்கில் (நாலு தப்புப் பந்து வீசி முதல் பேஸைச் சும்மா கொடுப்பது) அனுப்பினார், அதுவும் சாதனைதான்! சும்மா பேஸுக்கு ஆளை அனுப்பிக்கொண்டே இருந்தால் ஓட்டம் வராமல் என்ன செய்யும்? 324 வெற்றிக்குப் பக்கத்தில் 292 தோல்வி நிற்பது அணியால் மட்டும் இல்லை. 1965 செப்டம்பர் 9, சிகாகோ கப்ஸுக்கு எதிராகக் கோஃபாக்ஸ் 27 பேரை நேராக அவுட் ஆக்கினார், ஒருத்தர்கூட பேஸ் தொடவில்லை. அன்று அவருடைய அணி அடித்ததும் ஒரே ஒரு ஹிட். ஆட்டம் 1–0. அணி அடிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை:
நல்ல சினிமா. சரி, பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்க்கப் போட்ட ஓட்டையும் பார்த்துவிடலாம். ரயனுக்கு 98.8 சதவீதம், கோஃபாக்ஸுக்கு 86.9.

தேன்மொழி:
அடிப்பதில் பேர்போன பேப் ரூத்துக்கு 95.1. அப்படியானால் ரயன் ரூத்தைவிடப் பெரியவரா?

கணக்குப்பிள்ளை:
ரூத்தை இன்னொரு திரியில் வைத்துக்கொள்வோம். 1964இன் வெளியூர்க் கணக்குக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.