அப்டேட்டுக்குப் பிறகு மருந்து நினைவூட்டல் நேரத்துக்கு அடிப்பதில்லை, போனும் சுடுகிறது. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. சொட்டு மருந்து முதல் வாரம் ஆறு வேளை, இந்த வாரம் ஐந்து வேளை, அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரு வேளை குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் ஒரு நினைவூட்டல் ஆப்பில் போட்டுவைத்தேன். காலை 6, 10, மதியம் 1, மாலை 5, இரவு 9. வியாழன் இரவு வரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

அன்று நடுராத்திரி போன் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. நான்கு வருஷப் பழைய ஆண்ட்ராய்டு, 64 ஜிபி, அதில் 2 ஜிபிகூட மிச்சமில்லை. வெள்ளி காலை எழுந்து பார்த்தால் ஐகான்கள் எல்லாம் கொழுகொழுவென்று மாறியிருந்தன. அது போகட்டும். 6 மணிக்கு அடித்தது, மருந்து போட்டேன். பிறகு வேலையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவன் நான். போனை மேசையில் கவிழ்த்து வைத்தால் மணிக்கணக்கில் தொடமாட்டேன். மாலை ஐந்தேகால் இருக்கும், யாரையோ கூப்பிட எடுத்து ஸ்கிரீனைத் திறந்தேன். 10 மணி, 1 மணி, 5 மணி நினைவூட்டல் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து கொட்டின.

ஓடிப்போய் அப்பாவைக் கேட்டால், "நீ கூப்பிடலையேப்பா, இன்னைலேருந்து குறைச்சுட்டாங்க போலன்னு நினைச்சேன்" என்கிறார். டாக்டரிடம் பேசிவிட்டேன், பயப்பட வேண்டாம், அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள் என்றார். அன்று இரவு 9 மணிக்குச் சரியாக அடித்தது. சனிக்கிழமை மறுபடி 10 மணிக்கு அடிக்கவில்லை. போனில் இருக்கும் கடிகார அலாரம் மட்டும் எப்போதும்போல் அடிக்கிறது, அதுதான் புரியவில்லை.

கூடவே போன் சுடுகிறது. காலையில் நூறு இருந்த சார்ஜ் மதியத்துக்குள் நாற்பது. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் போர்டு மாற்ற வேண்டும் என்றார்கள்.

பழைய வெர்ஷனுக்குப் போக முடியுமா? இல்லை எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்ய வேண்டுமா?

ஸ்க்ரூடிரைவர்:

ரீசெட் செய்யாதீர்கள். போர்டிலும் கைவைக்க விடாதீர்கள். பத்து வருஷமாகப் போன் ரிப்பேர் பார்க்கிறேன், போர்டு போன போன் கடிகார அலாரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அடிக்காது.

ஒரு கேள்வி. காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் போன் சார்ஜில் இருந்ததா?

கணக்குப்பிள்ளை:

ஆமாம்! இரவு எட்டரைக்குச் செருகினால் காலையில்தான் எடுப்பேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஸ்க்ரூடிரைவர்:

நீங்களே எழுதிவிட்டீர்கள். மூன்றும் சேர்ந்து வந்து கொட்டின என்றீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. நினைவூட்டல் தொலைந்துபோகவில்லை, வரிசையில் நின்றிருக்கிறது.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்து பேட்டரியை மிச்சப்படுத்த டோஸ் (Doze, மருந்து டோஸ் அல்ல) என்று ஒரு தூக்கம் இருக்கிறது. சார்ஜர் செருகாமல், ஸ்கிரீன் அணைந்து, போன் அசையாமல் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். ஆப்கள் கேட்கும் வேலையை எல்லாம் ஒத்திப்போட்டு, இடையிடையே கண்விழிக்கும்போது மொத்தமாகச் செய்யும். கடிகார அலாரத்துக்கு இதில் விதிவிலக்கு உண்டு, அது தூக்கத்தை உடைத்துக்கொண்டு அடிக்கும். சார்ஜில் இருந்தால் இந்தத் தூக்கமே கிடையாது. மேசையில் மணிக்கணக்கில் கவிழ்ந்து கிடக்கும் உங்கள் போன் இதற்கென்றே பிறந்தது. சட்டைப் பையில் போட்டு நடமாடுகிறவருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு தெரிந்திருக்காது.

அப்டேட்டுக்கு முன்னால் சரியாக ஓடியதே என்பீர்கள். ஆப்பை முதலில் போட்டபோது "பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு வேண்டும்" என்று கேட்டிருக்கும், நீங்களும் சரி என்று அமுக்கியிருப்பீர்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அந்த விலக்கு காணாமல் போனதை என்னிடம் வந்த எத்தனையோ போன்களில் பார்த்திருக்கிறேன். போன் கம்பெனிகள் ஆண்ட்ராய்டின் தூக்கத்துக்கு மேலே தங்கள் பங்குக்கும் ஒரு தாலாட்டு பாடுகிறார்கள்.

செட்டிங்ஸில் ஆப்ஸுக்குள் போய் அந்த ஆப்பைத் திறங்கள். பேட்டரி என்ற இடத்தில் அன்ரெஸ்ட்ரிக்டட் (கட்டுப்பாடு இல்லை) என்று மாற்றுங்கள். அப்புறம் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ் என்று தேடி, அதில் அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ் என்பதில் இந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு 12இலிருந்து குறித்த நிமிஷத்தில் அடிக்க அது தனியாக வேண்டும். கடைசியாக, பேட்டரி பக்கத்தில் தூங்கும் ஆப்கள் என்ற மாதிரி ஒரு பட்டியல் இருந்தால் அதிலிருந்தும் இதை எடுத்துவிடுங்கள்.

சூட்டுக்கு வேறு காரணம். பெரிய அப்டேட் முடிந்ததும் போன் ஆப்களைப் புது சிஸ்டத்துக்கு ஏற்ப மறுபடி தயார் செய்யும், போட்டோக்களை முதலிலிருந்து அலசும். வழக்கமாக இரண்டு மூன்று நாளில் அடங்கும். உங்களிடம் இடம் இல்லாததால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. ஐந்தாறு ஜிபி காலி செய்யுங்கள். ஒரு வாரம் கழித்தும் சுட்டால் பேட்டரி பக்கத்தில் எந்த ஆப் முதலில் நிற்கிறது என்று இங்கே போடுங்கள். நான்கு வருஷ பேட்டரி என்பதால் அதுவும் பாதி களைத்துத்தான் இருக்கும், அதை அப்டேட் மேல் போடக்கூடாது.

பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதை மறந்துவிடுங்கள். பல போன்கள் பழையதை ஏற்கவே ஏற்காது, ஏற்கும் போனிலும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பழசே போதும்:

இதற்குத்தான் நான் அப்டேட் பக்கமே போவதில்லை. மூன்று வருஷமாக ஆட்டோ அப்டேட்டை அணைத்து வைத்திருக்கிறேன், போன் கல் மாதிரி ஓடுகிறது. பழைய போனை மெதுவாக்கிப் புதுசு வாங்க வைக்கும் தந்திரம் இது. ஆப்பிளே ஒத்துக்கொண்டதுதானே?

மழைக்காகிதம்:

ஒத்துக்கொண்டது என்னவென்று முழுசாகச் சொல்லலாமே. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் (ஐபோனின் சிஸ்டம்) 10.2.1 அப்டேட், பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. தேய்ந்த பேட்டரி திடீரென்று அதிக மின்சாரம் கொடுக்க முடியாமல் போன் பட்டென்று அணைந்துபோனதைத் தடுக்க என்றார்கள். காரணம் நியாயம்தான். ஆனால் வேகம் குறையும் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை, அந்த வருஷம் டிசம்பரில் வெளியே தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். அதனால் 2020இல் பிரான்ஸில் 2.5 கோடி யூரோ அபராதம். இத்தாலி 2018இலேயே ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ போட்டது. ஆக உங்கள் சந்தேகம் காற்றில் வந்ததல்ல.

ஆனாலும் மூன்று வருஷம் அணைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஆண்ட்ராய்டில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. திருடன் போனுக்குள் புக ஒரு மல்டிமீடியா மெசேஜ் வந்தாலே போதும், சில போன்களில் நீங்கள் அதைத் திறக்கக்கூட வேண்டாம். மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் என்ற வழக்கமே அதையொட்டித்தான் தொடங்கியது. கல் மாதிரி ஓடுகிற உங்கள் போனில்தானே பேங்க் ஆப்பும் இருக்கிறது?

நான் செய்வது இது. பாதுகாப்பு அப்டேட் வந்தால் நாலைந்து நாளில் போட்டுவிடுவேன். வெர்ஷனே மாறும் பெரிய அப்டேட் என்றால் ஒரு மாதம் மற்றவர்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டுப் போடுவேன். 2014இல் ஐஓஎஸ் 8.0.1 வந்து புத்தம்புது ஐபோன் 6இல் சிக்னலே போய்விட்டது, சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆளாக அமுக்கியவர்கள்தான் மாட்டினார்கள்.

பழசே போதும்:

பேங்க் ஆப் இருக்கிறது. யோசிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

ஸ்க்ரூடிரைவர் அண்ணே, கும்பிடுகிறேன். விலக்கு போயிருந்தது உண்மைதான். பேட்டரி ஆப்டிமைஸ்டு என்று நின்றது, தூங்கும் ஆப்கள் பட்டியலிலும் பெயர் இருந்தது. மாற்றிவிட்டு, போனை வேண்டுமென்றே மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் போகவில்லை. 1 மணிக்கு அடித்தது. நான் எழுவதற்குள் அப்பா, "டேய், உன் போனு கத்துது" என்றார். இரண்டு நாளாக எல்லா வேளையும் சரி.

இடம் காலி செய்யப் போனால், ஒரே திருமணக் குழுவிலிருந்து வந்த வீடியோக்கள் மட்டும் 7 ஜிபி. மாப்பிள்ளை யாரென்றே எனக்குத் தெரியாது. அழித்தேன். சூடு நன்றாகக் குறைந்துவிட்டது. சார்ஜ் மதியத்தில் 65 நிற்கிறது, முன்பு 75 நிற்கும். பேட்டரியை மாற்றலாமா என்று அப்புறம் கேட்கிறேன்.

இன்றைக்குப் பார்த்தால் இன்னொரு சின்ன அப்டேட் வந்து நிற்கிறது, இரவு 2 மணிக்குத் தானே போட்டுக்கொள்கிறதாம். ஆட்டோவை அணைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை 6 மணி மருந்து போட்ட கையோடு நானே போடுகிறேன். முடிந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு, 10 மணிக்குப் போனைக் கவிழ்த்து வைத்துச் சோதிப்பதாக இருக்கிறேன். அன்றைக்கு மட்டும் 10 மணிக்குக் கடிகாரத்திலும் ஒரு அலாரம் உண்டு.